குணத்தில் தங்கமான டீசல் பாய்லர்

மேலக்கரிசல் சமையல் செட்டு சமைத்த கல்யாணம் எதற்கும் நீங்கள் போனதில்லை என்றால், இதுவரை உங்களுக்கு எல்லா வேளையும் நேரத்துக்குச் சாப்பாடு கிடைத்திருக்கிறது என்று அர்த்தம். சந்தோஷம். அப்படியே இருந்துகொள்ளுங்கள்.

செட்டில் நாலு பேர். தலைவர் உச்சிமாகாளி அண்ணாச்சி. அவர் கரண்டியைத் தொடமாட்டார். தீர்ப்பு மட்டும் சொல்வார். குழம்புக்குக் கோமதிநாயகம். அவருக்கு உலகத்தில் எல்லாவற்றின் மேலும் சந்தேகம் உண்டு, தன் குழம்பைத் தவிர. தேங்காய் திருவுவதும் பந்தியில் பரிமாறுவதும் சங்கிலியின் வேலை. இட்லிக்குச் சொரிமுத்து. இது சொரிமுத்துவின் கதை. நல்ல மனுஷன், நாற்பதை எட்டிக்கொண்டிருந்தார், இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

இவர்களிடம் ஒரு பெருமை உண்டு. சொன்ன சொல்லை மீறமாட்டார்கள். ஒரு வீட்டில் மாப்பிள்ளையின் அத்தை, "பால் பொங்குற வரைக்கும் அதுமேல வச்ச கண்ண எடுக்கப்படாது" என்று சொல்லிவிட்டுப் போனார். நாலு பேரும் எடுக்கவில்லை. பக்கத்து அடுப்பில் சாதம் தீய்ந்தது, அதற்கடுத்த அடுப்பில் வடை கரியானது, எடுக்கவில்லை. பால் அருமையாகப் பொங்கியது. இன்னொரு வீட்டில், தாய்மாமன் வராமல் பந்தி போடக்கூடாது என்றார்கள். தாய்மாமன் மஸ்கட்டில் இருந்தார். லீவு கிடைக்கவில்லை. கடைசியில் அவரையே போனில் பிடித்தார்கள். "நான் வந்துட்டேன்னு வச்சுக்கிட்டு பந்தியப் போடுங்க" என்று அவர் சொன்னார். சங்கிலி போனை வாங்கி, "எங்க வச்சுக்கிடணும் அண்ணாச்சி? வாசல்லயா, மேடையிலயா?" என்று விவரம் கேட்டுக்கொண்டான்.

இவர்களுக்கு வாடிக்கையான இடம் செண்பகம் மஹால். அதன் சொந்தக்காரி செண்பகவல்லி அம்மாள், கெட்டிக்காரப் பெண்மணி. ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கும் முன்பு ஒருநாள் அவர் நாலு பேரையும் சமையல்கட்டில் நிறுத்தி, மேலே கையைக் காட்டினார்.

"பாத்தியளா, கூரை இருக்கிற லட்சணத்த? போன வருசந்தான் பெயின்ட் அடிச்சேன். இனிமே எனக்கு விறகுப் புகை ஆகாது. தென்காசிக் கடையில சின்னதா டீசல் பாய்லர் ரெண்டு இருக்காம். டீசல் ஊத்தினா உள்ள எரிஞ்சு ஆவியக் குடுக்கும், அந்த ஆவியிலயே இட்லி வெந்துரும். ரெண்டும் விலை கொறச்சல். விலை கொறஞ்ச சாமானு எவ்வளவு தூரம் நம்பலாம்னுதான் தெரியல. ரெண்டையும் அனுப்பச் சொல்லியிருக்கேன். நான் மக வீட்டுக்கு மெட்ராஸ் போறேன். நீங்க நல்லா விசாரிச்சு, எது நம்பகமானதோ அத வச்சுக்கிட்டு மத்தத திருப்பி அனுப்பிருங்க."

"சரிம்மா" என்றார் அண்ணாச்சி.

"மொத முகூர்த்தத்தன்னைக்குக் காலையில ஆறு மணிக்கு இட்லி சூடா இலைக்கு வரணும். வரலேன்னா நான் வேற செட்டப் பாத்துக்கிடுவேன்."

இதைக் கேட்டு மூன்று பேர் பிழைப்பை நினைத்துக் கவலைப்பட்டார்கள். சொரிமுத்துவுக்கு மட்டும் கவலை ரெண்டு மடங்கு. காரணம் இருந்தது. அதே முகூர்த்தத்துக்கு, அதே மஹாலுக்கு, ரிட்டையர்டு போஸ்ட்மாஸ்டர் வேலாயுதம் சாப்பிட வருவதாக இருந்தார். வேலாயுதத்துக்கு ஆவுடை என்று ஒரு மகள். ஜாக்கெட் தைக்கும் கடை வைத்திருந்தாள். அவளைச் சொரிமுத்துவுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். "மாப்பிள்ளையோட இட்லி என் இலையில சூடா விழட்டும், மேக்கொண்டு பேசுவோம். வேலையில நம்பகமானவன்னா வீட்டுலயும் நம்பகமானவனா இருப்பான்" என்று சொல்லியிருந்தார்.

சொரிமுத்து ஆவுடையை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறார். அன்றைக்கு அவள் தோளில் ஊசியைக் குத்தி வைத்திருந்தாள். "இட்லிக்கு உளுந்து எவ்வளவு போடுவிய?" என்று கேட்டாள். சொரிமுத்து அளவைச் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலை நினைத்து நினைத்துத்தான் மனுஷன் அன்றிலிருந்து மாவு கரைத்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு இதற்கு முன்னால் வந்த வரன்கள் எல்லாம் விசாரணையிலேயே கலைந்துபோனவை. பெண் வீட்டார் செட்டு ஆட்களிடம்தானே விசாரிப்பார்கள்? ஒரு தடவை சங்கிலியிடம், "பையன்கிட்ட என்ன குறை இருந்தாலும் ஒளிக்காமச் சொல்லுங்க" என்றார்கள். சங்கிலி ஒளிக்கவில்லை. காலையில் குறட்டையில் ஆரம்பித்துச் சாயங்காலம் கால் ஆணி வரை சொன்னான். நடுவில் அவர்கள் எழுந்து போனதும், பஸ் ஸ்டாண்டு வரை கூடவே போய் மிச்சத்தையும் சொல்லிவிட்டு வந்தான்.

பாய்லர்கள் லோடு ஆட்டோவில் வந்து இறங்கின. ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. ரெண்டும் துணி பீரோவில் பாதி உயரம்தான். கடை ஆள் அவசரத்தில் இருந்தார்.

"மொதல்ல தண்ணி ஊத்துங்க, பெறகு டீசல், பெறகு சுவிச்சு. ஆவி கூடிப்போனா விசில் அடிக்கும். விசில் அடிச்சா பயப்படாதிய. நாலடி பின்னால தள்ளி நின்னுக்கிடுங்க" என்று சொல்லி, அதே ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்.

நாலு பேரும் பாய்லர்களைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"நம்பகமானதான்னு எப்படிக் கண்டுபிடிக்கது?" என்றான் சங்கிலி. "அதுகிட்டயே கேட்டா என்ன?"

"எந்தக் களவாணி, நான் களவாணின்னு சொல்லுவான்?" என்றார் கோமதிநாயகம். "எனக்கு அந்த விலைதான் இடிக்கி. மாப்பிள்ள வீட்டுல ஒண்ணுமே வேண்டாம்னு சொன்னா நாம என்ன நெனப்போம்?"

"பையனுக்கு ஏற்கெனவே ஒரு கல்யாணம் ஆயிருக்கும்னு நெனப்போம்" என்றான் சங்கிலி.

"அதத்தான் நானும் சொல்லுதேன். இதுல ஏதோ ஒண்ணு ஏற்கெனவே வேற மஹால்ல வாழ்ந்துட்டு வந்திருக்கு."

எல்லோரும் பாய்லர்களை வருத்தத்தோடு பார்த்தார்கள். அப்போதுதான் சொரிமுத்து தொண்டையைச் செருமினார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அந்த வட்டாரத்தில் அவருக்கு இருந்த அனுபவம் வேறு யாருக்கும் இல்லை.

"விசாரிக்கது எப்படின்னு எனக்குத் தெரியும். என்னைய எத்தன வீட்டுல இருந்து விசாரிச்சிருக்காவ. மொதல்ல அக்கம்பக்கத்துல கேப்பாவ. பெறகு குடிப்பானா, கோவக்காரனான்னு பாப்பாவ. சேர்க்கை எப்படின்னு பாப்பாவ. ஒரு பொருள நம்பிக் குடுத்துப் பாப்பாவ. இதுல தேறினா நம்பகமானவன்."

"நீ தேறினியா வே?" என்றார் கோமதிநாயகம்.

"நான் தேறல. ஆனா மொறை அதுதான்."

அண்ணாச்சி கண்ணை மூடித் திறந்தார். "அம்மாவும் நல்லா விசாரிக்கத்தான் சொன்னாவ. அப்படியே செய்யுவோம்" என்றார்.

மறுநாள் பஸ் ஏறித் தென்காசிக்குப் போனார்கள். பாய்லர் கடைக்குள் போகவில்லை. பெற்றவர்களிடம் கேட்டால் பிள்ளையை விட்டுக்கொடுப்பார்களா? எதிரே இருந்த டீக்கடைக்காரரிடம் போனார்கள்.

"அண்ணாச்சி, ஒரு நல்ல காரியமா வந்திருக்கோம். இந்தக் கடையில பச்சையா ஒரு பாய்லர் இருந்துச்சே, அது எப்படி? ஒளிக்காமச் சொல்லுங்க" என்றார் சொரிமுத்து.

டீக்கடைக்காரர் டீ ஆற்றிக்கொண்டே சொன்னார். "பச்சையா? அது ரெண்டு வருசமா கடை வாசல்லயே நிக்கும். ஒரு சத்தம் கேட்டதில்ல. ஒரு சொட்டு டீசல் குடிச்சு நான் பாத்ததில்ல. நம்ம கடைக்கு வாரவுக அதுமேல சாஞ்சு நின்னுதான் டீ குடிப்பாவ. கூட்டமா இருந்தா டம்ளரக்கூட அதுக்குள்ள வச்சிட்டுப் போவாவ."

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சொரிமுத்துவுக்குக் கண் கலங்கியது. தன்னைப் பற்றி இப்படி ஒரு வார்த்தை சொல்ல ஒரு டீக்கடைக்காரர் வாய்க்கவில்லையே என்று இருந்தது.

"சிவப்பு?"

"அது போன வாரம் லாரியில வந்துச்சு. பெட்டி போட்டு மூடியிருந்துச்சு. நான் மொகத்தக்கூடப் பாக்கல."

"மூடிக் கொண்டாந்திருக்கான்" என்றார் கோமதிநாயகம், மெதுவாக.

அடுத்தது பொருளை நம்பிக் கொடுக்கும் சோதனை. மஹால் பின்கட்டில் ரெண்டு பாய்லரையும் நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்தார்கள். காவலுக்கு ஆள் போட்டால் அது நம்பிக்கையாகாது என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். எல்லோரும் உள்ளே போய்ப் படுத்துத் தூங்கினார்கள்.

எழுந்து வந்து பார்த்தால், பச்சைக்கு முன்னால் இருந்த சீப்பு அப்படியே இருந்தது. சிவப்புக்கு முன்னால் காம்புதான் மிச்சம். சிவப்பின் தலைமேல் ஒரு குரங்கு உட்கார்ந்து கடைசிப் பழத்தை உரித்துக்கொண்டிருந்தது.

"சூ, எறங்கிப் போ" என்றான் சங்கிலி. "இங்க விசாரணை நடக்கி."

"வெரட்டாத" என்றார் கோமதிநாயகம். "நல்லாப் பாத்துக்கோ. சேர்க்கை எப்படின்னு தேடிக்கிட்டிருந்தோம்லா? தானாத் தெரிஞ்சு போச்சு."

குரங்கு தோலைச் சிவப்பின் மேலேயே போட்டுவிட்டுச் சுவர் தாண்டிப் போனது. கூட்டாளியைக் காட்டிக்கொடுக்காமல் சிவப்பு நின்ற நிற்பையும் அண்ணாச்சி கவனித்துக்கொண்டார். ஒரு தலையசைப்பில் அதுவும் சிவப்பின் குற்றக் கணக்கில் ஏறியது.

இருந்தாலும் ஒருதலைப்பட்சமாக முடிவு செய்யக்கூடாது இல்லையா? ரெண்டையும் ஓட்டிப் பார்த்தார்கள். தண்ணீர், டீசல், சுவிச்சு, சொன்ன வரிசை தப்பவில்லை. சுவிச்சைப் போட்டதும் சிவப்பு உறுமியது. உள்ளே திகுதிகுவென்று எரிந்தது. டீசல் மடமடவென்று இறங்கியது.

"குடிக்கானே அண்ணாச்சி. மூச்சு விடாமக் குடிக்கான்" என்றான் சங்கிலி.

அண்ணாச்சி அதன் தோளைத் தொட்டார். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். "கோவமும் இருக்கு" என்றார் விரலை வாயில் வைத்தபடி.

அப்போது விசில் அடித்தது. நாலு பேரும் முறையாக நாலடி பின்னால் வந்து நின்றார்கள். மறுபடி விசில். மறுபடி நாலடி. பாய்லரை நிறுத்தவேண்டும் என்றால் பக்கத்தில் போகவேண்டும். பக்கத்தில் போகச் சொல்லி உத்தரவு இல்லை. விசில் விடவில்லை, இவர்களும் விடவில்லை. பின்கட்டு முடிந்தது. வாசல் வழியாக ரோட்டுக்கு வந்து, ரோட்டைத் தாண்டி, எதிரே இருந்த வாழைத்தோப்புக்குள் முதுகைக் காட்டியபடியே நுழைந்தார்கள். தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த தோப்புக்காரர் என்னவென்று கேட்டார். "ஒண்ணுமில்ல, மாப்பிள்ள பாக்கோம்" என்றார் சொரிமுத்து.

சிவப்பு டீசல் தீர்ந்து ஓய்ந்த பிறகுதான் ஆளுக்கொரு முழங்கால் சேற்றோடு திரும்பி வந்தார்கள்.

பச்சை இருந்த இடத்தில் இருந்தது. தலையிலிருந்த டப்பாக்களில் ஊற்றிய தண்ணீரும் டீசலும் ஊற்றிய அளவுக்கே நின்றன. சுவிச்சைப் போட்டார்கள்; ஒரு சத்தமில்லை. சாயங்காலம் வரை பார்த்தார்கள். சொரிமுத்து அதன்மேல் கையை வைத்துப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது. சங்கிலி அதன்மேல் சாய்ந்தவன் தூங்கியே போனான்.

அண்ணாச்சி எழுந்து நின்று தீர்ப்புச் சொன்னார். "குடி கிடையாது. கோவம் கிடையாது. சத்தம் கிடையாது. அடுத்தவன் பொருளத் தொடல. இந்தக் காலத்துல பச்ச மாதிரி ஒரு பாய்லரு கெடைக்காது. அம்மாவுக்கு வாக்குக் குடுத்தபடி இதையே வச்சுக்கிடுவோம்."

சிவப்பைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கடைக்குப் போன் போட்டார்கள். முகூர்த்தம் கழித்துத்தான் வண்டி வரும் என்றார்கள். அதுவரை அதைச் சுவர் ஓரமாகத் தள்ளி, முகம் சுவரைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார்கள்.

முகூர்த்த நாள் வந்தது. விடியுமுன்பே சொரிமுத்து மாவை எடுத்துத் தட்டுகளில் ஊற்றி இட்லிப் பெட்டிக்குள் அடுக்கினார். பச்சையிலிருந்து பெட்டிக்குக் குழாய் மாட்டினார். தண்ணீர், டீசல், சுவிச்சு. பிறகு கைகட்டி நின்றார். ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் பெட்டியைத் திறந்து பார்த்தார். மாவு மாவாகவே இருந்தது.

"அவசரப்படுத்தாத" என்றார் அண்ணாச்சி. "நல்ல குணமுள்ளவன் எதையும் நிதானமாத்தான் செய்யுவான்."

சொரிமுத்து பந்திக்கூடத்தை எட்டிப் பார்த்தார். முதல் வரிசையில், முதல் இலையில், போஸ்ட்மாஸ்டர் வேலாயுதம் உட்கார்ந்திருந்தார். இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்து முடித்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்கள் வரிசையில் ஆவுடை. சொரிமுத்துவுக்கு அழுகை வந்துவிட்டது. இட்லிப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, தன் வாழ்க்கையே அந்தத் தட்டுகளில் வேகாமல் கிடப்பதாக உணர்ந்தார்.

சுவரைப் பார்த்து நின்ற சிவப்பு அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. அதைப் பார்த்ததும் அவருக்குத் தன் சித்தப்பா ஞாபகம் வந்தது.

"அண்ணாச்சி" என்றார், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "எங்க சித்தப்பா ஒருத்தரு குடிப்பாரு. சத்தம் போடுவாரு. சேர்க்கையும் சரியில்ல. ஆனா எங்க வீட்டுக் கல்யாணத்துல பந்தக்கால் நட்டதுல இருந்து கடைசிப் பாத்திரம் ஏத்துற வரைக்கும் ஓடினது அவருதான். நல்ல பேரு எடுத்த பெரியப்பா நாற்காலிய விட்டு எந்திரிக்கவே இல்ல."

எல்லோரும் யோசித்தார்கள்.

"எங்க வீட்டுலயும் அப்படித்தான்" என்றார் கோமதிநாயகம்.

"எல்லா வீட்டுலயும் அப்படித்தான்" என்றார் அண்ணாச்சி. "சரி. வேலைய சிவப்புக்கிட்ட வாங்கிக்கிடுவோம். பேரு பச்சைக்கு இருக்கட்டும்."

சிவப்புக்குத் தண்ணீரும் டீசலும் ஊற்றி, அதிலிருந்து குழாயை எடுத்து, மரியாதைக்காகப் பச்சையை ஒரு சுற்றுச் சுற்றி, இட்லிப் பெட்டியில் மாட்டினார்கள். சிவப்பு பழசை எல்லாம் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. உறுமியது, குடித்தது, ஆவியைக் கொட்டியது. கொஞ்ச நேரத்தில் இட்லி பூவாக வெந்து இறங்கியது. சொரிமுத்து வாளியை நிரப்பிச் சங்கிலியிடம் கொடுத்தார். "மொத இலை போஸ்ட்மாஸ்டருக்கு. ஓடு" என்றார்.

சங்கிலி ஓடினான். போஸ்ட்மாஸ்டர் இலைக்கு நேராகக் குனிந்து, இட்லியை எடுத்து நீட்டினான். அந்த நேரம் பார்த்துச் சிவப்பு விசில் அடித்தது.

சங்கிலி நீட்டிய கையோடு நாலடி பின்னால் போனான். மறுபடி விசில். பந்திக்கூடத்தின் வாசலைத் தாண்டினான். போஸ்ட்மாஸ்டர் கொஞ்ச நேரம் காலி இலையைப் பார்த்தார். பிறகு இலையை ரெண்டு கையிலும் ஏந்திக்கொண்டு எழுந்தார். உத்தியோகத்தில் இருந்த காலத்தில் எந்தத் தபாலையும் முகவரி தேடிப் போகாமல் விட்டவர் இல்லை. இங்கே முகவரிதான் தபாலைத் தேடிப் போகவேண்டியிருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். பின்கட்டு, ரோடு, வாழைத்தோப்பு என்று சங்கிலியைத் தொடர்ந்து போய், கடைசியில் நாலாவது வரப்பில் வைத்து இட்லியை வாங்கினார். சொரிமுத்துவும் மற்ற ரெண்டு பேரும் அதற்கு முன்பே அங்கே வந்து நின்றிருந்தார்கள்.

போஸ்ட்மாஸ்டர் இட்லியைப் பிட்டார். ஆவி பறந்தது.

"இவ்வளவு தூரம் வந்தும் ஆறலையே" என்றார். வாயில் போட்டு மென்று விழுங்கினார். "சரி, அடுத்தது விசாரிச்சிருவோம். மாப்பிள்ள குடிப்பாரா?"

"ஒரு சொட்டு கிடையாது" என்றார் அண்ணாச்சி.

"கோவம்?"

"வராது."

"சத்தம் போட்டுப் பேசுவாரா?"

"மெதுவாக்கூடப் பேசமாட்டாரு."

போஸ்ட்மாஸ்டருக்குத் திருப்தி. ரெண்டாவது இட்லிக்குக் கையை நீட்டியபடி, "இத எதுல வேக வச்சிய?" என்று கேட்டார். சொரிமுத்துவுக்குப் பொய் சொல்ல வராது. பச்சையின் குணத்தையும் சிவப்பின் குணத்தையும், வாழைப்பழம் முதல் சித்தப்பா வரை, ஒன்றுவிடாமல் சொன்னார். போஸ்ட்மாஸ்டரின் கை பாதியில் நின்றது.

"அதாவது, பச்ச குடிக்காது, கோவப்படாது, சத்தம் போடாது. ஆனா வேலை செய்யாது."

"ஆமா" என்றார் சொரிமுத்து.

"இவரும் குடிக்கமாட்டாரு, கோவப்படமாட்டாரு, சத்தம் போடமாட்டாரு."

கோமதிநாயகம் சொரிமுத்துவைச் சந்தேகமாகப் பார்த்தார். இத்தனை வருஷம் பழகியும் இப்படி யோசிக்கவில்லையே என்று அவருக்கு இருந்தது. கைக்கு எட்டிய கல்யாணம் கண்ணெதிரே நழுவிப் போவது சொரிமுத்துவுக்குத் தெரிந்தது. நல்ல குணத்தால் ஒரு வரன் தவறிப்போவது அவர் அனுபவத்திலும் புதிது.

போஸ்ட்மாஸ்டர் இலையைச் சங்கிலியிடம் கொடுத்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, உள்ளங்கையைச் சொரிமுத்துவின் நெற்றியில் வைத்தார். விடியற்காலையிலிருந்து ஆவியில் வெந்த நெற்றி, போதாக்குறைக்குப் பயம் வேறு. கொதித்தது. சரிபார்க்க அண்ணாச்சியின் நெற்றியையும் தொட்டுப் பார்த்தார்.

"இவரு ஆறிப்போய்த்தான் இருக்காரு. மாப்பிள்ள நல்ல சூடு" என்றார். "தேதி குறிச்சிரலாம்."

சொரிமுத்து ஒரு வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவ்வளவு சந்தோஷத்தை நின்றபடி தாங்குவது சிரமம்.

மெட்ராஸிலிருந்து திரும்பிய செண்பகவல்லி அம்மாள், எது நம்பகமானது என்று கேட்டார். நம்பகமானது பச்சைதான், ஆனால் நம்பகமானதை வைத்து இட்லி அவிக்க முடியாது என்று அண்ணாச்சி விளக்கினார். அம்மாள் நேராகப் போய்ப் பச்சையின் கதவைத் திறந்தார். உள்ளே எரிகிற அடுப்பு இல்லை, குழாய் இல்லை, ஒரு திருகாணிகூட இல்லை. கடை வாசலில் ஆட்கள் பார்ப்பதற்காக நிறுத்தி வைக்கும் வெறும் கூடு. அவசரத்தில் கடை ஆள் அதையும் ஏற்றி அனுப்பிவிட்டார். உள்ளே ரெண்டு டீ டம்ளர் மட்டும் இருந்தது.

"உள்ள ஒண்ணுமே இல்லையே" என்றார் அம்மாள்.

"பாத்தியளா, எதையும் உள்ள வச்சுக்கிடல" என்றார் கோமதிநாயகம். "அந்த டம்ளரும் அது எடுத்ததில்ல. மத்தவுக வச்சது."

அம்மாள் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். ஆனால் ஊரெல்லாம் அந்தக் கல்யாணத்து இட்லியின் சூட்டைப் பற்றித்தான் பேச்சாக இருந்தது. அதனால் செட்டு பிழைத்தது. சிவப்பு சமையல்கட்டில் நிலைத்தது. கடைக்காரர்கள் வாசலுக்கு வேறு கூடு வைத்துக்கொண்டார்கள். பச்சையை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

தை மாதத்தில் சொரிமுத்துவுக்கும் ஆவுடைக்கும் அதே மஹாலில் கல்யாணம். மாப்பிள்ளைத் தோழனாக நிற்பவன் நல்ல ஒழுக்கமானவனாக இருக்கவேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். சொரிமுத்து யோசிக்கவே இல்லை. பச்சையைத் துடைத்து, சந்தனம் வைத்து, மாலை போட்டு, மேடையில் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

பின்கட்டில் சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. "தாலி ஏறுற வரைக்கும் பாய்லர அணைக்கப்படாது" என்று அண்ணாச்சி சங்கிலியிடம் சொல்லியிருந்தார். போட்டோக்காரரிடம், "என்ன நடந்தாலும் மேடைய விட்டுக் கேமராவத் திருப்பப்படாது" என்று சொல்லியிருந்தார். போட்டோக்காரருக்கும் ஊர் மேலக்கரிசல்தான்.

ஐயர் தாலியை எடுத்துக் கொடுத்தார். கெட்டிமேளம் கொட்டியது. சொரிமுத்து தாலியை ஆவுடையின் கழுத்தருகே கொண்டுபோனார். சிவப்பு விசில் அடித்தது.

சொரிமுத்து தாலியோடு நாலடி பின்னால் போனார். மறுபடி விசில். மேடையிலிருந்து இறங்கினார். அண்ணாச்சி, கோமதிநாயகம், சங்கிலி எல்லோரும் பின்னால் போய்க்கொண்டிருந்தார்கள். மந்திரம் சொல்லியபடியே ஐயரும், வாசித்தபடியே மேளக்காரர்களும் அவர்களோடு போனார்கள். ஆவுடை மேடையில் ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். அப்பாவைப் பார்த்தாள். "நான் இட்லிக்குப் போனேன்மா, நீ தாலிக்குப் போகமாட்டியா?" என்றார் போஸ்ட்மாஸ்டர். அவள் பட்டுச்சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். பின்கட்டு, ரோடு, வாழைத்தோப்பு. நாலாவது வரப்பில் வைத்துச் சொரிமுத்துவைப் பிடித்தாள். "இதுக்கு மேல கெணறுதான் இருக்கு. இங்கயே கட்டுங்க" என்று கழுத்தை நீட்டினாள். முதல் முடிச்சு விழுந்ததும் சிவப்பில் டீசல் தீர்ந்தது.

ஆல்பம் வந்தபோது செண்பகவல்லி அம்மாள் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். முகூர்த்த நேரத்துப் படங்கள் அத்தனையிலும் மணமேடை இருந்தது. மாப்பிள்ளை இல்லை, பெண் இல்லை, ஐயர் இல்லை. மாலையும் சந்தனமுமாகப் பச்சை மட்டும் தனியாக நின்றுகொண்டிருந்தது. அம்மாள் நிமிர்ந்து சொரிமுத்துவைப் பார்த்தார்.

சொரிமுத்து அந்தப் படத்தைப் பாசத்தோடு தடவிக் கொடுத்தார்.

"பாத்தியளாம்மா? விசில் அடிச்சதும் நாங்க அத்தன பேரும் ஓடினோம். அது நின்ன எடத்த விட்டு ஒரு அடி அசையல. நாங்க அன்னைக்கே சொன்னோம்லா, நம்பகமானது பச்சதான்னு."